கிண்ணியாவிலிருந்து வந்த அத்தர்ப் போத்தல்

ஆஸ்பத்திரி லாப் வேலை என்பது, முடிவு பிந்தினாலும் ஏச்சு, வந்த முடிவு பிடிக்காவிட்டாலும் ஏச்சு என்று ஏச்சிலேயே ஓடுகிற உத்தியோகம். பிறர் சிறுநீரைக் காய்ச்சிச் சோறு தின்ற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. எழுபதுகளில் திருகோணமலையில் நான் பட்ட பாடுகளில், ஹபீபாவால் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வாசம்

ஹபீபா கிண்ணியாவில் வீட்டோடு தையல் தைத்த இளம் பெண். விரல் மூட்டெல்லாம் நோவு, கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, முகமும் காலும் வீக்கம். சிறுநீரகத்தில் கோளாறு என்று டொக்டர் சந்தேகப்பட்டுச் சிறுநீர் கேட்டார். அவளுடைய உம்மா துறை கடந்து ஒரு போத்தல் கொண்டுவந்தார்.

மூடியைத் திறந்தேன், லாப் முழுக்கக் கலியாண வீட்டு வாசம். சிறுநீரில் புரதம் போகிறதென்றால் காய்ச்சும்போது கலங்கும். இதுவோ காய்ச்ச முன்பே எண்ணெய் மிதந்து கலங்கிக் கிடந்தது. "இதுக்குள்ள என்ன விட்டனீங்கள் உம்மா?" என்று கத்தியே விட்டேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "அத்தர்தான் மகள். ஆம்பிளயளும் வாற தோணி, மணந்தா என்ன நினைப்பாங்க?"

காணாத செல்

அத்தர் இல்லாத அடுத்த போத்தல், காய்ச்சியதும் முட்டை வெள்ளைக்கருவாய்த் திரண்டது. கிருமியை எதிர்க்க வேண்டிய இரத்தம், தன் உடம்பையே எதிரி என்று நினைத்துச் சிறுநீரகத்தைத் தாக்கும் நோயாக இருக்கலாம் என்றார் டொக்டர். அதற்கு மருந்து உண்டு. ஆனால் வேறு வருத்தமாயிருந்தால் அதே மருந்து ஆளைக் கவிழ்த்துவிடும். நிச்சயம் தெரியாமல் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வழி. இரத்தத்தைக் கண்ணாடி மணிகளோடு குலுக்கி, சூட்டில் வைத்து, இன்னொரு செல்லின் கருவை விழுங்கிய வெள்ளைச் செல் ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் தேட வேண்டும். கண் பூத்துப் போகும்வரை தேடினேன். ஒன்றும் இல்லை.

"கண்டால் நோய் உண்டு. காணாவிட்டால் நோய் இல்லை எண்டு சொல்ல ஏலாது" என்று டொக்டர் உம்மாவுக்கு விளக்கினார். உம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்: "அப்ப என்னத்துக்கு மகள் தேடின நீங்க?"

ஐஸ்

இரத்தம் தன் உடம்பின் மீதே ஏவிவிடும் பொருளை நேரடியாகக் கண்டுபிடிக்கும் புதுப் பரிசோதனை கொழும்பில் மட்டும்தான். இரத்தத்தில் தெளிந்த நீரை எடுத்து, ஐஸ் குளிரில் அனுப்ப வேண்டும். ரயிலில் அனுப்பினேன், ஐஸ் உருகிக் கெட்டுப் போனது. ஹபீபாவுக்கோ மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. இந்த ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லாத வாகனம் மீன் லொறிதான். மறுபடி இரத்தம் எடுத்து, துறைமுகத்தடியில் நின்ற கொழும்பு லொறி ஒன்றில், பாரை மீன் பெட்டிக்குள் குழாயைப் பத்திரமாகப் புதைத்து, டிரைவருக்குப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

கொழும்பில் பெட்டி மீனோடு மீனாக ஏலம் போய்விட்டது. யாருடைய சட்டிக்குப் போனதோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். திரும்பி வந்த டிரைவரைப் பிடித்து உலுக்கினேன். மனுசன் நிதானமாகச் சொன்னார்: "ஐஸ் போட்டு ஏத்தினா விக்கிறதுதான் எங்கட பழக்கம், மிஸ்ஸி."

யார் செய்தது

கொழும்புக்காக மூன்றாம் தரமும் ஊசி குத்த வேண்டியதாயிற்று. இம்முறை உம்மா யாரையும் நம்பவில்லை. ஐஸ் நிரப்பிய தேநீர்ப் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, மகனோடு தானே ரயில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சில நாட்களில் கொழும்பிலிருந்து டொக்டருக்கு டிரங்க்கோல் வந்தது. சந்தேகமே இல்லை, அந்த நோய்தான். அன்றே மாத்திரை தொடங்கினார்.

உம்மாவுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இதை யார் செய்தது? யாரும் செய்யவில்லை, அவளுடைய இரத்தமே அவளுக்குச் செய்தது என்றேன். உம்மா திருப்பிக் கேட்டார்: "ஊரில ஒருத்தருக்கும் கெடுதி நினைக்காதவள். தனக்கு மட்டும் ஏன் நினைச்சாள், மகள்?"

வட்ட முகம்

வாராவாரம் குழாயில் கலங்கல் குறைந்துகொண்டு வந்தது. திடீரென்று ஒரு நாள் பழையபடி திரண்டது. விசாரித்தால், ஹபீபா மாத்திரையை நிறுத்திவிட்டாள்! மாத்திரையால் முகம் சந்திரன் மாதிரி உருண்டுவிட்டதாம். இப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஏசினோம். ஹபீபா எங்கள் இருவரையும் கேட்டாள்: "வீங்கின முகத்தை வத்த வைக்க மருந்து தந்த நீங்க. இப்ப மருந்தாலயே வீங்குது. இது என்ன கணக்கு?"

தெளிவு

கேட்டாளே தவிர, மறுபடி விழுங்கத் தொடங்கினாள். மாதங்கள் போயின. ஒரு நாள் உம்மா யன்னலில் போத்தலை நீட்டினார். முதலில் மோந்து பார்த்தேன், அத்தர் இல்லை. காய்ச்சினேன். கலங்கவில்லை. நம்ப முடியாமல் இன்னொரு குழாயில் காய்ச்சினேன். கிணற்றுத் தண்ணீர் போல் தெளிவாக நின்றது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. உம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கலங்கினா ஏசுறீங்க, தெளிஞ்சா அழுறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும் மகள்?"

அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை கொழும்பிலும் இல்லை.