ஒரு செம்புக் கிணற்றுத் தண்ணீர்

பெர்னடெற்றுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று லண்டன் பிளேஸ்டோவில் எல்லாருக்கும் தெரியும். மன்னாரில் மிளகாய்த் தோட்டம் செய்தவள், சண்டையில் புருசனைப் பறிகொடுத்துவிட்டு லண்டனுக்கு வந்து, பதினைந்து வருசமாக ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். நர்ஸ்மாரோடு மல்லுக்கட்டியே ஆங்கிலம் பிடித்தவள். அதனால்தான் அன்று காலமை கோயில் மண்டபத்துக்கு அவளை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் உதவி நிறுவனத்து வெள்ளைக்கார அம்மா. சண்டைக்குப் பிறகு திரும்பக் குடியேறிய ஊர்களுக்குக் குழாய்க் கிணறும் விதையும் கொடுக்கிற நிறுவனம். முதல் கிணறு போன வருசம் பெர்னடெற்றின் ஊரில் இறங்கியது. அதேமாதிரி இன்னும் ஆறு, பக்கத்து ஊர்களில் தோண்டக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன் ஊர்ச் சனத்தின் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் திரையில் வந்து நின்றது தங்கச்சி மேரிசாந்தி. அவளுக்குப் பின்னால் ஊரே நின்றது.

கிணறு எப்படி என்று அந்த அம்மா கேட்டார்.

"நல்ல தண்ணி. ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா. கர்த்தர் அவையளை ஆசீர்வதிப்பார்."

போன ஞாயிறுதான் இதே சாந்தி பெர்னடெற்றிடம் போனில் அழுதாள்: மோட்டரைப் போடப்போடக் கடல்தான் ஏறி வருகிறது, தண்ணீர் ஒரே உவர், மிளகாய்க் கன்றுகள் நுனி கருகிச் சாகின்றன. தருகிறவர்களின் முகத்துக்கு நேரே குறை சொல்லிப் பழகாத சனம். சொன்னால் இந்தப் போகத்து விதையும் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயம் வேறு. சொன்னதை மட்டும் சொல், ஒரு சொல்லும் கூட்டாதே என்று அந்த அம்மாவும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சாந்தி சொன்னதை மட்டும்தான் பெர்னடெற் சொன்னாள். நல்ல தண்ணீராம். அம்மா சிரித்துக்கொண்டு பேனையைத் திறந்தார்.

ஆறு ஊர். ஆறு ஊர்த் தோட்டமும் கருகும். பெர்னடெற் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனாள்.

"சாந்தி, அந்தத் தண்ணியிலை ஒரு செம்பு கொண்டு வா. இவைக்கு முன்னாலை குடி."

என்ன கேட்டாய் என்றார் அந்த அம்மா. தண்ணீர் குடிக்கச் சொன்னேன் என்றாள் இவள், அதுவும் உள்ளதுதான். பேனை தாளில் முட்டாமல் நின்றது.

செம்பு வந்தது. சாந்தி அக்காவை முறைத்தபடி வாயில் ஊற்றினாள். விழுங்கப் பார்த்தாள், ஏலவில்லை. ஊர் பார்த்திருக்க, காலடியில் துப்பினாள்.

"சந்தோசமே அக்கா? இனி விதையை நீயே கொண்டுவந்து தா."

"அதையும் அவவுக்குச் சொல்லுறன்," என்றாள் பெர்னடெற்.

சொன்னாள். உவர், கருகிய கன்று, விதை போய்விடும் என்ற பயம், ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மா பேனையை மூடினார். தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஆறு கிணறும் இல்லை; விதை விசயம் மேலிடத்தில் கேட்டுத்தான் சொல்லலாம். அதைத் தமிழில் சொல்லப் பெர்னடெற் வாயெடுக்க, தங்கச்சி லைனை வெட்டிவிட்டாள்.

பதினொரு மணிக்கு ஷிப்ட். பஸ்ஸில் நின்றபடியே ஊருக்கு நாலு தரம் போன் அடித்தாள். சாந்தி எடுக்கவில்லை. ஐந்தாம் தரமும் அடித்தாள்.