‘கைசே மாலூம்’ குத்தூஸ் பாய்

பேப்பர் கட்டைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கி, மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றின் மேல் அரிசிப்படியைக் கவிழ்த்து வைக்கிறார் அப்துல் குத்தூஸ். மதராஸ் கப்பல் வந்தால் பதினைந்து நாள் பேப்பரும் ஒன்றாகத்தான் வரும். எல்லாரும் கடைசித் தேதியைத்தான் முதலில் புரட்டுவார்கள். இவர் பழசிலிருந்து தொடங்கி நாளுக்கு ஒன்றாகப் படிப்பார். நாளைய பேப்பரில் என்ன வந்திருக்கும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியும் வைப்பார். மறுநாள் பிரித்துப் பார்த்துவிட்டு, “நான் நெனச்சது தப்பு!” என்று தொடையில் தட்டிக்கொள்வார். ஊகம் பலித்த நாளில் இந்தச் சந்தோஷம் இருக்காது.

எங்கள் தீவில் ஹேடோ என்ற பகுதியில், துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில் அவருடைய மளிகைக்கடை. சொந்த ஊர் கீழக்கரை. படிப்பு ஐந்தாவதோடு சரி. யார் எதைச் சொன்னாலும் “கைசே மாலூம்?” என்பார். ‘எப்படித் தெரியும்’ என்று தமிழில் கேட்டால் சண்டைக்கு இழுப்பதாக நினைக்கிறார்களாம். இந்தியில் கேட்டால் சிரித்துவிடுகிறார்களாம். திங்கட்கிழமை வாங்கிய கருவாடு புழுத்துவிடும் என்று யாரோ சொல்லப்போக, தொடர்ந்து ஏழு திங்கட்கிழமை கருவாடு வாங்கிப் பார்த்தார். ஆறு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது வாரம் புழுத்தது. “இன்னும் ஒரு வருசம் பாக்கணும்” என்றார், கவலையோடு.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு முற்பகல். பாயின் கடை வாசலில் நின்றிருந்த ஃபிட்டர் சிவஞானத்திடம் தபால்காரர் தந்தி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் இருந்ததால், சாமான் வாங்க வந்திருந்த நான்தான் படித்துச் சொன்னேன். மதுரையிலிருந்து வந்திருந்தது. ‘அப்பா காலமானார். உடனே புறப்படு. அண்ணன்.’ ஃபிட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து அலறினார். ஒன்பது வருடமாக ஊருக்குப் போகாதவர். மரமில்லில் வேலை செய்யும் இன்னொரு சிவஞானம் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

பாய் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல சிவஞானம், ஹேடோன்னுதானே இருக்கு? இது ஃபிட்டருக்குத்தான்னு கைசே மாலூம்?”

“சாவுச் செய்தியிலுமா பாய்?” என்று யாரோ சீறினார்கள்.

மில் சிவஞானத்தின் கை ஃபிட்டரின் தோளிலிருந்து மெல்ல விலகியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் எழுபது தாண்டிய அப்பா, அவருக்கும் ஓர் அண்ணன். ஒருவர் பரமக்குடி, ஒருவர் மானாமதுரை. யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் மதுரைக்குத்தான் கொண்டுபோவார்கள்.

கப்பல் மூன்று மணிக்கு. திருப்பித் தந்தி அடித்தால் பதில் வர இரண்டு நாளாகும். அடுத்த கப்பலுக்குப் பதினெட்டு நாள். பாய் கேள்வி மேல் கேள்வி கேட்டார். யாருடைய அண்ணன் இங்கிலீஷில் எழுதச் சொல்வார்? யாருக்குக் கடைசியாகக் கடிதம் வந்தது? ஒவ்வொரு பதிலும் இரண்டு பேருக்கும் பொருந்தியது. சட்டை முழுக்க வேர்வையில் நனைந்துபோய் நின்றார்.

“எனக்குத் தெரியல. யாருக்குமே தெரியல. தெரியாதப்ப ரெண்டு பேரும் போயிருங்க. அப்பா உசுரோட இருந்தா, பாத்துட்டு வாங்க. அதுல என்ன குத்தம்?”

கடையை அப்படியே போட்டுவிட்டு டிக்கெட்டுக்கு ஓடினார். இரண்டு பேரும் அழுதுகொண்டேதான் கப்பல் ஏறினார்கள்.

வீட்டில் மனைவி ஜன்னத் பீவி விடவில்லை. “ஒரு வீட்டு அழுகைய ரெண்டு வீட்டுக்குப் பங்கு வச்சுட்டு வந்திருக்கிய. இது ஒரு புத்தியா?” ஊரும் அதையேதான் சொன்னது. பாய் கடையில் உப்புக் கேட்டவருக்குச் சீனி கட்டினார். “நான் வாய மூடிட்டு இருந்திருக்கணுமோ?” என்று என்னிடம் நான்கைந்து முறை கேட்டார். தந்தியைப் படித்தவன் நான். அது யாருக்கு என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே.

இருபத்துமூன்றாம் நாள் கப்பல் வந்தது. பாயும் நானும் துறைமுகத்தில் நின்றோம். முதலில் ஃபிட்டர் இறங்கினார், ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி. அவர் அப்பாதான். மகன் இருக்கும் தீவைப் பார்க்கவேண்டும் என்று கூடவே புறப்பட்டு வந்துவிட்டாராம். நாலு பேர் தள்ளி, மொட்டைத் தலையோடு மில் சிவஞானம். பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்ச் சேர்ந்திருந்தார்.

“பாய், நீங்க சொன்னது சரியாப் போச்சே!” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“நான் என்னத்தச் சொன்னேன்? தெரியாதுன்னுதானே சொன்னேன்.”

கிழவர் நேராக வந்து, “இவுகதானா அந்தப் பாயி?” என்று பொக்கைவாயைத் திறந்து சிரித்தார். பாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் கிழவரின் தோளுக்குப் பின்னால் அந்த மொட்டைத் தலை தெரிந்தது. சட்டென்று துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று பேரும் தம்மைக் கடந்து மேடேறிப் போகும்வரை அதை எடுக்கவில்லை.