துரியோதனன் மண்

எங்கள் ஆரணிப் பக்கம் பாரதக் கூத்து நடந்தால் கடைசி நாள் படுகளம். மண்ணால் துரியோதனனை மலைபோலப் படுக்கவைத்து, பெயின்ட் அடித்து, அவன் தொடையைப் பிளப்பார்கள். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிவாள். அதோடு பழி தீர்ந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றால், சனங்கள் பாய்ந்து அந்த மண்ணை வாரிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டில் வைத்தால் குடும்பம் செழிக்குமாம். இருந்தவரை ஊசிமுனை நிலம் தராதவன், செத்த பிறகு ஊருக்கே மண் தருகிறான். அம்மாவும் ஒரு கட்டியைச் சாமி அலமாரியில் வைத்திருந்தாள்.

வந்தவாசியிலிருந்து வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எதிர்வீட்டு அத்தையிடம் விசாரித்திருக்கிறார்கள். "பொண்ணு தங்கம். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாளாம். சம்பந்தம் நின்றுபோனது. சொன்னது உண்மை என்பதால் அம்மாவுக்குக் கோபம் இரட்டிப்பானது. எனக்கும் வலித்தது. சிரித்து மழுப்பினேன்.

புராண முனிவர்களுக்குச் சாபம் போடக் கமண்டலத்தில் எப்போதும் தண்ணீர் தயார். எங்கள் தெருவில் மண்ணை வாரித் தூற்ற வேண்டும். தெருவோ வாசற்படிவரை சிமென்ட். அம்மா உள்ளே ஓடி, கைக்குக் கிடைத்ததை நொறுக்கி வந்து எதிர்வாசலில் வீசினாள்.

"என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு சிரிச்சிகினு கீறியா? உன் வூடு வெளங்குமாடி?"

அத்தை குனிந்து பார்த்தாள். மண்ணில் பச்சையும் சிவப்புமாக பெயின்ட். முறத்தில் கூட்டி அள்ளி உள்ளே கொண்டுபோனாள். அப்புறம்தான் அம்மாவுக்கு அலமாரி ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் அத்தையின் மருமகள் முழுகாமல் இருந்தாள். அவர்கள் தறிக்கு ஆர்டர்மேல் ஆர்டர். எந்த ரிஷியின் சாபமும் இவ்வளவு அமோகமாகப் பலித்ததில்லை. "எனக்கும் ஒரு சாபம் போடேம்மா" என்றேன். அன்று எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

அடுத்த படுகளத்தில் அம்மா கூட்டத்தில் இடிபட்டு வெறுங்கையோடு நின்றாள். அத்தை வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி மண்ணை நீட்டினாள்.

"வாங்கிக்கோக்கா. அன்னிக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. பொண்ணுக்கு நல்லது நடக்கட்டும்."

வாங்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வாங்கினாள். அம்மா அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன மாதம் சேத்துப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு வருவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"பொண்ணுக்கு வாய் ஜாஸ்திங்க. மொதல்லயே சொல்லிடறேன். சந்தேகமா இருந்தா எதிர்வூட்ல கேளுங்க, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."