மடியில் பேரன், கைப்பையில் மாத்திரை

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. காவாந்தண்டலத்தில் என் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. பிள்ளையின் அம்மாவான என் தங்கை மகளுக்கு உடன்பிறந்த ஆண் யாரும் இல்லை. அதனால் தாய்மாமன் நாற்காலி எனக்கு! ஐம்பத்தொன்பது வயதில் பட்டுவேட்டி கட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனால், காலையில் உத்திரமேரூரில் கிளம்பும்போதே வயிறு மக்கர் பண்ணியது. முந்தின நாள் கடை பரோட்டாவின் கைங்கர்யம். சுருட்டிச் சுருட்டி இழுத்தது வலி.

"இன்னாங்க, இப்டி குனிஞ்சிக்கினு கீறீங்க?" என்றாள் என் மனைவி சரோஜா.

அவளுக்கும் அடிக்கடி இப்படி வயிற்றைப் பிடிக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை எப்போதும் கைப்பையில் இருக்கும். ஒன்றைப் பிரித்து நீட்டினாள். "எனுக்கு உடனே கேக்குது, உங்களுக்குக் கேக்காதா?"

நம் வீடுகளில் துண்டு, சீப்பு, மாத்திரை எல்லாம் பொதுச்சொத்துதானே... போட்டுக்கொண்டேன்.

காவாந்தண்டலம் போய்ச் சேர்வதற்குள் வலி போன இடம் தெரியவில்லை. கூடவே வாயில் இருந்த எச்சிலும் போயிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மோர், இளநீர், பன்னீர் சோடா... கொடுத்ததை எல்லாம் குடித்தேன்.

குடித்தது வெளியே வர வேண்டாமா? வரவில்லை. மூன்று முறை பாத்ரூமுக்குப் போனேன். நின்றேன். திரும்பி வந்தேன். அடிவயிறு கல்லாகிக்கொண்டிருந்தது.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையைக் கொண்டுவந்து, சரியாக அந்த இடத்தின் மேலேயே உட்கார வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்தார். பிள்ளை வீறிட்டான். வீறிட்ட வேகத்தில் என் வேட்டியை நனைத்தும் விட்டான் — சுடச்சுட, தாராளமாக.

"அண்ணா, பட்டுவேட்டிக்கு அபிஷேகம்!" என்று தங்கை கைகொட்டினாள். பந்தலே சிரித்தது. நான் மட்டும் அவனைப் பொறாமையோடு பார்த்தேன். உண்மையாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரோஜா பார்த்துவிட்டாள். "மூஞ்சே சரியில்லியே. இன்னா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் அழுவுறீங்க?"

காதோடு சொன்னேன். அடுத்த பத்தாவது நிமிடம் ஆட்டோவில் இருந்தோம். வழி முழுக்க அவள் என் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். போன உயிர் திரும்பி வந்தது. சரோஜா அழுதுகொண்டே மாத்திரை அட்டையை நீட்டினாள். "நான்தான் குடுத்தேன் டாக்டர்..."

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னார். "குடல் இறுக்கிப் பிடிக்கிறதுதான் அந்த வலி. இந்த மாத்திரை குடல் தசையைத் தளர்த்தும். மூத்திரப்பையிலயும் அதே மாதிரி தசைதான். அடிக்கடி அவசரமா வர்றவங்களுக்கு, பையை அமைதிப்படுத்த இந்த வகை மருந்து குடுக்கிறதும் உண்டு. ஆனா சாருக்கு ப்ராஸ்டேட் வீங்கி வழியை நெருக்குது. இத்தனை நாள் பை முக்கித் தள்ளிட்டிருந்தது. மாத்திரை அந்தத் தள்ளலையும் குறைச்சிடுச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ நாளா சிரமம் சார்?"

நான் ஃபேனைப் பார்த்தேன். "ஒரு... வருஷம் இருக்கும்."

சரோஜாவின் அழுகை சட்டென்று நின்றது. "ஒரு வருஷமாவா? வாராவாரம் பத்திரிகைல ஊருக்கே எல்லாத்தையும் எழுதிக்கினு கீறீங்க. பக்கத்துல கீற என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பனா?"

வெட்கம். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் என்ன வெட்கமோ! பெரிய தப்பு செய்தவளைப் போல அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே முடியவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அவள் கையைப் பிடித்து, "மன்னிச்சிடு" என்றேன். புடவைத் தலைப்பால் முதலில் என் கண்ணைத் துடைத்தாள், அப்புறம்தான் தன் கண்ணை.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். இப்போது எனக்கென்று தனி மாத்திரை, தனி டப்பா. அவள் பையில் நான் கை வைப்பதில்லை.

தினமும் காலையில் காபியோடு பாத்ரூம் கதவருகே வந்து நின்று சரோஜா கேட்கிறாள், "போச்சா?"

தெருவுக்கே கேட்கும்படி பதில் சொல்கிறேன் — "போச்சு!"