எதிரே இருந்த பள்ளிவாசலுக்கு ஒரு வேன்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், ஒரு ஜனாஸா ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டது.

ஆமாம், சரியாகத்தான் வாசித்தீர்கள்: அடக்கம் செய்யக் கொண்டுபோன உடல்தான். கண்ணால் பார்த்த எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை. இந்த வாரம் வேறு எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன்... கை போகவில்லை.

மௌத்தானவர் மஹ்ரூப் நானா. கண்டி டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவர். கடையை மகன் நஸீர் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். எங்கள் வரிசையில்தான் வீடு. அவர் வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், பள்ளிவாசல் அந்தப் பக்கம், அடக்கம் செய்யும் மையவாடி பள்ளிக்குப் பின்னால். வாசலில் நின்றால் பள்ளியில் யார் செருப்புக் கழற்றுகிறார்கள் என்று தெரியும். அவ்வளவு கிட்ட.

ஆனால் நடுவில் ரோட்டு இருக்கிறதே!

முன்பு அது சும்மா ரோட்டுதான். ஆட்கள் கடக்க மஞ்சக்கோடு இருந்தது, பஸ் ஹோல்ட் இருந்தது. பிறகு அகலப்படுத்தினார்கள். அகலப்படுத்த இடம் எங்கே? நடைபாதையை எடுத்து ரோட்டோடு சேர்த்தார்கள். ஆட்கள் குறுக்கே நடந்தால் வாகனம் நிற்க வேண்டி வருகிறது என்று மஞ்சக்கோட்டை அழித்து, நடுவில் நெஞ்சுயரத்துக்கு இரும்பு வேலி போட்டார்கள். பஸ் நின்றால் பின்னால் கார் நிற்க வேண்டி வருகிறது என்று ஹோல்ட்டையும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நடப்பவர்களுக்கு ஒரு மேம்பாலம் — அதுவும் தள்ளி, மலை ஏறுவதுபோல் படிகளோடு.

உயிரோடு இருப்பவர்கள் எப்படியோ பழகிக்கொண்டோம். இளசுகள் வேலி தாவின. நாங்கள் படி ஏறி மூச்சு வாங்கினோம். ஆனால் வேலி வந்த பிறகு எங்கள் பக்கத்தில் விழுந்த முதல் மௌத்து இது. மௌத்தானவர் எப்படி ரோட்டைக் கடப்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

வழமைபோல் தூக்கிவிட்டார்கள். மையித்து வைத்த சந்தூக்குப் பெட்டி தோள்களில் ஏறியது, கலிமா சொல்லிக்கொண்டே ரோட்டோரம் வந்தது. முன்பு மஞ்சக்கோடு இருந்த அதே இடத்தில், கால்கள் தாமாகவே நின்றன. எதிரே வேலி. அதற்கப்பால் பள்ளி.

"மேம்பாலத்தால கொண்டு போவமா?" என்று ஒருவர் கேட்டார்.

"படி திரும்புற எடத்துல சந்தூக்கு திரும்பாது," என்றார் ரில்வான், நஸீரின் மச்சான். "மாமாவ நிக்க வெச்சா கொண்டு போற?"

"வேலிக்கு மேலால தூக்கிக் குடுத்தா?"

"வாற வேகத்தப் பாருங்க. இன்னொரு ஜனாஸா விழும்."

உண்மைதான். எங்கள் பக்கம், டவுனுக்குப் போகும் பக்கம், வாகனங்கள் பறந்துகொண்டிருந்தன. அவற்றுக்காகத்தானே இத்தனையும்?

கடைசியில் ஒரு வேன் பிடித்தார்கள். எதிர்ப் பள்ளிக்கு வேன்! டவுன் பக்கம் இறங்கி, சந்தியில் திரும்பி, மறுபக்கத்தால் ஏறி வர வேண்டும். ரில்வான் மையித்தோடு ஏறினார். பின்னேர அஸர் தொழுகை ஜமாஅத்தோடு, ஜனாஸாவுக்கும் தொழுவிப்பதாகப் பள்ளியில் சொல்லியாகிவிட்டது. நஸீரும் நாங்களும் மேம்பாலத்தால் போய்ச் சேர்ந்தோம்.

அஸர் தொழுது முடித்தார்கள். வேன் வரவில்லை. தொழுவிக்கும் ஹஸரத் வெளியே வந்து ரோட்டைப் பார்த்தார். குழி தயாராக இருந்தது. இருட்டுவதற்குள் அடக்க வேண்டும். நஸீர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், எங்க?"

"சந்தியில திரும்பிட்டம், பேக்கரிக்குக் கிட்ட. அசையுதே இல்ல."

"வாப்பா?"

"வாப்பாவும் பேக்கரிக்குக் கிட்டத்தான்."

பின்னால் யாரோ சிரிக்கப் போய், அதை இருமலாக்கினார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன். "கால் முடியாம இருந்த மனுசன், நஸீர். இனி கஷ்டமில்ல."

நஸீர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கால் ஏலாண்டு யாரண்ணே சென்ன?"

"பள்ளிக்கு வாறதை நிப்பாட்டிட்டாரே..."

"கால் நல்லாத்தான் ஈந்திச்சு. ஊட்டுக்குள்ள நாள் முழுக்க நடப்பார். ரோட்டத் தாண்டத்தான் ஏலாமப் போச்சு. அந்தப் படி ஏறினா நெஞ்சு அடைக்குதுண்டார். வெள்ளிக்கிழமைல நான் கார்ல கூட்டி வந்தன். சுத்தி வாறதுக்குள்ள குத்பாப் பிரசங்கம் முடிஞ்சிரும். ஒருநாள், 'இனி வேணாம் மகன், ஊட்டுலயே தொழுறன்'ண்டார்."

எதிரே இருந்த அவர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

தினமும் பின்னேரம் அவர் வாசலில் கதிரை போட்டு ரோட்டைப் பார்த்தபடி இருப்பார். கையசைத்துவிட்டுப் போவேன். வாகனம் பார்த்துப் பொழுது போக்குகிறார் என்றல்லவா நினைத்தேன்? அந்த மனுசன் வாகனங்களைப் பார்க்கவே இல்லை. ஒரு லொறிக்கும் அடுத்த ஜீப்புக்கும் இடையில் திறந்து மூடுகிற அந்தச் சின்ன வெளிச்சத்தில், பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பாங்குச் சத்தம் வந்து சேர்ந்தது. அவரால்தான் போய்ச் சேர முடியவில்லை.

ஆயுள் முழுவதும் தொழுகைக்கு நடந்த பாதை. எந்த நோயும் மறிக்கவில்லை. நாங்கள் "அபிவிருத்தி" என்று பெயர் வைத்த ஒரு வேலி மறித்தது.

நம்மவர்கள் நடப்பதற்கு எதிரிகளா என்ன? காலையில் கண்டி வாவியைச் சுற்றிப் பாருங்கள் — ஷூ மாட்டி, கைவீசி, எவ்வளவு பேர் நடக்கிறார்கள். எல்லாரும் அங்கே வந்து இறங்குவது காரில்! நடப்பது உடற்பயிற்சி என்றால் நமக்கு மரியாதை. பள்ளிக்கோ கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ நடந்தால் மட்டும் இடைஞ்சல். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லாமல் ஆட்கள் நிற்பார்கள். அதன் முன்னால், தனியாக ஒருவர் ஏசி போட்டு உட்கார்ந்த ஜீப் நிற்கும். ரோட்டு யாருக்கு என்று கேட்டால், அந்த ஒருவருக்கு. இதை ஒரு ஊரே சேர்ந்து ஏற்றுக்கொண்டிருக்கிறோமே... எப்படி?

"நடப்பம்," என்றார் நஸீர். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். கேள்வி கேட்காமல் எல்லாரும் பின்னால் போனோம்.

வேன், சொன்ன பேக்கரியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. பின்கதவைத் திறந்தார்கள். சந்தூக்கு மறுபடி தோளுக்கு வந்தது. நடைபாதை இல்லாத ரோட்டில், நின்ற வாகனங்களுக்கு நடுவே, கலிமா சொல்லிக்கொண்டு நடந்தோம். கார்களின் கண்ணாடிகள் இறங்கின. ஹோர்ன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முன்பின் தெரியாத ஒரு சிங்கள த்ரீவீல்காரர் இறங்கி வந்து தோள் கொடுத்தார். கொஞ்ச தூரம் வந்து, பதறிப்போய்த் தன் த்ரீவீலைத் திரும்பிப் பார்த்தார். அது விட்ட இடத்தில்தான். முன்னால் இருந்த பஸ்ஸும் விட்ட இடத்தில்தான். நிம்மதியாக இன்னும் கொஞ்சம் நடந்தார்.

நானும் ஒருமுறை தோள் கொடுத்தேன். பாரமே தெரியவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே தொழுவித்து அடக்கினார்கள். ஆள் இல்லாத அந்த வேன், எல்லாம் முடிந்த பிறகுதான் பள்ளி வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அன்றைக்கு அந்த ரோட்டில் எல்லாரையும் ஓவர்டேக் பண்ணிப் போனவர் மஹ்ரூப் நானா ஒருவர்தான்.