கால் நீட்டிப் படுக்க ஒரு வண்டி

என் வாய் வேண்டாத வாய். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இந்த வாயால் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன், எதற்கும் பெரிதாக வருந்தியதில்லை. கூடலூரில் ஒரு சாயங்காலம் என் அப்பாவைப் பார்த்துச் சொன்னதற்கு மட்டும் இன்றைக்கும் வருந்துகிறேன்.

அப்பா ஜீப் டிரைவர். வீடு அனுமந்தன்பட்டியில். விடியும் முன்னே கம்பத்துக்குப் போய், ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவார். நாற்பது வருஷம் இதே பிழைப்பு. மழையில் வழி அடைத்துவிட்டால் ராத்திரி ஜீப்பின் முன்சீட்டிலேயே முடங்கிக் கிடப்பார். தோட்டத்து வேலையாட்கள் தங்கும் லயத்தில் பாய் போட்டுக் கூப்பிட்டாலும் போகமாட்டார். வண்டியைத் தனியாக விட்டால் டீசலை உறிஞ்சிவிடுவார்கள், ஸ்டெப்னியைக் கழற்றிவிடுவார்கள் என்று பயம். ராத்திரியில் வண்டியை விட்டுப் போகிறவன் டிரைவரே இல்லை என்பது அந்த மலைப்பாதைக்காரர்கள் எல்லோருக்கும் சட்டம். அப்பாவோ ஆறடிக்கு மேல் உயரம். முழங்காலை மடக்கி மடக்கித் தூங்கியே அந்த முழங்கால்கள் பழுதாகி, கடைசியில் வண்டி ஓட்டுவதையே விட்டார்.

ஒருநாள் டிவியில் சினிமாக்காரர்களின் கேரவனைக் காட்டினார்கள். உள்ளே கட்டில், மெத்தை, அடுப்பு எல்லாம் இருந்தது. அப்பா கண் கொட்டாமல் பார்த்தார்.

"வண்டின்னா இதுல்ல வண்டி! இதுல காலை நீட்டிப் படுத்து ஒரே ஒரு ராத்திரி தூங்கி எந்திரிக்கணும் ஆத்தா" என்றார். மகள் என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

பிள்ளைகளிடம் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டே அறியாத மனுஷன். அது என் மனசில் தைத்துவிட்டது. மதுரையில் நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கேரவன் வாடகைக்கு விடுகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு நாளைக்கு எடுத்தேன். நானே ஓட்டினேன். அனுமந்தன்பட்டியில் அப்பாவை ஏற்றிக்கொண்டேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர், வழி நெடுக என் கியரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். "அதைப் போட்டு ஏன் இப்பிடி இழுக்குற? அதுக்கும் வலிக்கும்ல" என்றார்.

கூடலூர் தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்துக்காரர் கூடாரம் போடவும் கேரவன் நிறுத்தவும் இடம் விட்டிருந்தார். தண்ணீர், கரண்ட், கேட்டில் ஒரு வாட்ச்மேன். அன்றைக்கு எங்களைத் தவிர யாருமில்லை. வண்டியை மலையைப் பார்த்து நிறுத்தச் சொன்னார் அப்பா. காலையில் கண் விழித்ததும் குமுளி மலை தெரிய வேண்டுமாம். மெத்தையில் விரிப்பைத் தானே விரித்தார். தலையணைமேல் தன் கட்டம் போட்ட துண்டைப் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சாய்ந்து, காலை நீட்டினார்.

"ஆத்தா, கால் எதுலயும் இடிக்கல!"

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம்கூடப் படுத்திருக்க மாட்டார், எழுந்துவிட்டார். "இப்பவே படுத்துட்டா ராத்திரிக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்காகக் காத்திருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். கேரவன் முன்னால் அப்பாவை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். பெருமை, வேறென்ன! கூடலூரிலேயே இருக்கும் அத்தை, அப்பாவின் ஒரே தங்கச்சி, அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"சேசு மரி சூசையே! ஏண்டி, ஒனக்குக் கூறு இருக்கா? கூடப்பொறந்தவ இங்கன உசுரோட இருக்கையில எங்கண்ணனைக் கொண்டாந்து காட்டுல படுக்கப்போடுறியே. தங்கச்சி வீட்டுல ஒரு பாய் விரிக்க எடமில்லாமப் போச்சான்னு நாளைக்கு ஊருல கேக்க மாட்டாகளா? கோழி அடிச்சுக் கொழம்பு கொதிக்குது. கெளம்புங்க."

எங்கள் பக்கத்தில் இதற்கு மறுபேச்சுக் கிடையாது. கூப்பிடு தூரத்தில் சொந்தம் இருக்கும்போது வேறிடத்தில் தலை சாய்த்தால், அந்த வீட்டை அவமானப்படுத்தியதாக அர்த்தம். வருஷக் கணக்கில் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டு. ஆனாலும் அத்தையிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அப்பாவுக்கு இதில் படுக்க ஆசை, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்' என்றால் திட்டியிருப்பாள், பிறகு விட்டிருப்பாள். ஊரெல்லாம் வாய் வளர்த்த எனக்கு அந்த நேரம் பார்த்து வாய் அடைத்துக்கொண்டது. அப்பனைக் காட்டில் போட்டவள் என்று பேர் வாங்கப் பயந்துவிட்டேன்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நீங்க போயிட்டு வாங்க ஆத்தா. வண்டிய யாரு பாக்குறது? நான் காவலுக்குப் படுத்துக்கிறேன்."

காவல் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். தங்கச்சியின் முகத்துக்கு நேராக, உன் வீட்டில் படுக்க மாட்டேன், எனக்கு இங்கேதான் ஆசை என்று அவரால் சொல்ல முடியாது. என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கோ அத்தை மேல் இருந்த எரிச்சலெல்லாம் அவர் மேல் திரும்பியது.

"ஆமா, ஒங்க ஓட்டை ஜீப்பு பாருங்க, டீசலை உறிஞ்சிட்டுப் போறதுக்கு! காவல் காக்கவா இம்புட்டு வாடகை குடுத்து எடுத்தேன்? எறங்குங்கப்பா, மானத்தை வாங்காம."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்து இறங்குங்க என்றேன். அவர் எழுந்தார். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அத்தை வீட்டில் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. கூடத்தில் இருந்த இரும்புக் கட்டிலை அப்பாவுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு அது குட்டை. குறுக்குக் கம்பிக்கு மேல் குதிகாலைத் தூக்கிப் போட்டுக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, பழையபடி முழங்காலை மடக்கிக்கொண்டார்.

காலையில் நான் எழும்போது அவர் சட்டை போட்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக்குப் போனோம். "ஒரு ஈ காக்கா வரலங்கய்யா" என்றார் வாட்ச்மேன். அப்பா வண்டியைச் சுற்றி வந்தார், நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார், ஏறி உள்ளே பார்த்தார். விரிப்பு கசங்காமல் கிடந்தது. துண்டு தலையணைமேல் போட்டது போட்டபடி இருந்தது.

"ஒன்னும் போகல ஆத்தா" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வண்டி களவு போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. "ஒரு அரைமணி நேரம் படுங்களேன்ப்பா" என்றேன்.

"விடிஞ்சப்பறம் டிரைவர் படுத்தா வண்டி எப்பிடிக் கெளம்பும்?" என்று சிரித்தார். சாயங்காலத்துக்குள் மதுரையில் வண்டியை விட வேண்டும். அடுத்த தடவை யாரிடமும் சொல்லாமல் வருவோம் என்றேன். வருவோம் என்றார்.

அடுத்த தடவை வரவில்லை. நெஞ்சுவலி என்று தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மூன்றாம் நாள் போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஸ்ட்ரெச்சரைத் தாண்டிப் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, பின்கதவு சாத்த வரவில்லை.

"காலைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்கிறலாம்க்கா" என்றார் ஆம்புலன்ஸ்காரர், தணிவாகத்தான்.

"மடக்காதீக!" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலே திரும்பிப் பார்த்தது. "அவுக காலை யாரும் மடக்கக் கூடாது. தலையை இங்கன நகத்துங்க, நான் வச்சுக்கிறேன்."

தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பேர் அவரை மேலே நகர்த்தி, தலையை என் மடியில் வைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். அனுமந்தன்பட்டி வரும்வரை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். கால் எதிலும் இடிக்கவில்லை.