ராணி தனிக்குடித்தனம் போன கதை

“எலே, நீ இப்பவே வாறியா? உனக்க அத்தான் வீட்டுக்குள்ள ஓந்தான் கொண்டு வந்து வெச்சிருக்காரு!”

இரண்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை. போனில் என் அக்கா ஸ்டெல்லா.

ஓந்தான் என்றால் எங்கள் பக்கத்தில் ஓணான். ஓணான் வீட்டுக்குள் வந்தால் எல்லோரும் துடைப்பத்தைத் தேடுவார்கள். தம்பியைத் தேடுவார்களா? ஏதோ பெரிய விஷயம்தான் என்று மார்த்தாண்டத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். கடை போர்டுகளில் எழுத்து மாறும். பேச்சு மாறாது. பாறசாலை தாண்டி உதியன்குளங்கரையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ரோட்டில் பத்து நிமிடம் போனால் அக்கா வீடு.

ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே பல்பு வெளிச்சத்தில் ஒரு மரக்கட்டை. கட்டையின் மேல் இரண்டு ஜீவன்கள். மணல் நிறம், முக்கோணத் தலை, கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறிப் படுத்திருந்தது.

“ஓந்தான் இல்லடே. பியர்டட் டிராகன்,” என்றார் அத்தான். “ஆஸ்திரேலியாக்காரன். பேப்பர் எல்லாம் உண்டு.”

அத்தான் தாசையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபத்தேழு வருடம் ஷார்ஜாவில் டிரைவர். ஒரே வீட்டில், ஒரே குடும்பத்துக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பெட்டி பிரிப்பதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். போன வருடம்தான் விசா முடித்து ஒரேயடியாக வந்து சேர்ந்தார்.

அந்த ஷார்ஜா வீட்டுப் பிள்ளைகள் ஒரு டிராகன் வளர்த்தார்களாம். பிள்ளைகள் படிக்க வெளிநாடு போனதும் அது அத்தானின் பொறுப்பில் வந்தது. ஆறு வருடம். தீனி, தண்ணீர், விளக்கு எல்லாம் அவர்தான்.

“பேச்சுத் துணைக்கு எனக்கு அதாக்கும் உண்டாயிருந்தது,” என்றார், ரொம்பச் சாதாரணமாக. “நான் சொல்லுவேன். அது தலையைச் சரிச்சுக் கேக்கும்.”

ஊருக்கு வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் வளர்த்து விற்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, ஒன்று வாங்கப் போனார். ஆனால் வந்தது இரண்டு. ஏன்?

அதற்குக் காரணம் அக்கா! கூடப் போனவள் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: “ஒண்ணு மட்டுமா? அது ஒத்தையில கெடந்து சங்கடப்படாதா? ரெண்டு வாங்குங்க.” விற்றவரும் தாராளமாகத் தலையாட்டியிருக்கிறார். ஆக, என்னிடம் போனில் புகார் செய்த அதே அக்காதான் பெயரும் வைத்திருந்தாள். பெரியது ராஜா. சிறியது ராணி.

“பின்ன எதுக்குக்கா என்னைக் கூப்பிட்டே?”

“அதுக்குத் தீனி என்னண்ணு கேளு!”

கேட்டேன். அத்தான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். முட்டை அட்டைகளுக்கு நடுவில் குடும்பம் குடும்பமாகக் கரப்பான் பூச்சிகள்.

“இத்தன வருஷம் இந்த வீட்டுல நான் கரப்பானை அடிச்சு வெளியே தள்ளினேன். இந்த மனுஷன் டப்பாவுல போட்டு வளக்காரு!”

சாயா குடித்துவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது ராணி முன்னங்கை ஒன்றைத் தூக்கி, மெதுவாக வட்டமாக அசைத்தது. “பாத்தியா, உனக்கு டாட்டா காட்டுது!” என்றாள் அக்கா. நான் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வேறு போட்டேன். நாற்பது பேர் இதயம் அனுப்பினார்கள்.

அது டாட்டா இல்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுபடியும் போன். இந்தமுறை அத்தான். குரல் சரியில்லை. “ராணி தின்ன மாட்டேங்குது. வாலு நுனி கறுத்துப்போச்சு. நெய்யாற்றிங்கரையில ஒரு டாக்டரம்மா இதையெல்லாம் பாப்பாவளாம். நீயும் கூட வா.”

போனேன். ஷூ வந்த அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, ராணியை மடியில் வைத்து அக்கா உட்கார்ந்திருந்தாள். இடுப்பெலும்பு துருத்தித் தெரிந்தது. ராஜாவை இன்னொரு பெட்டியில் அத்தான் வைத்திருந்தார். அவன் மட்டும் கொழுகொழுவென்று, கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்தான்.

டாக்டர் சின்ன வயதுக்காரி. இரண்டையும் புரட்டிப் பார்த்தார். வால் பக்கம் டார்ச் அடித்தார்.

“சேட்டா, ரெண்டும் ஆணாணு.”

அத்தான் திகைத்தார். “ராணியும்?”

“ராணியும் ராஜா தன்னே!”

சிரித்தோம். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. மலையாளத்தில் அவர் சொன்னதன் சாரம் இது. இந்த இனம் தனியாக வாழப் பிறந்தது. ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் பிரித்துத்தான் வைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று படுப்பது பாசம் அல்ல. மேலே இருப்பது விளக்குச் சூட்டையும் வெளிச்சத்தையும் தனக்கே எடுத்துக்கொள்கிறது. சூடு கிடைக்காவிட்டால் கீழே இருப்பதற்குத் தின்றது செரிக்காது. பயத்தில் தின்னவே தின்னாது. வால் நுனி… அது ராஜா கடித்தது.

“கையாட்டுமே டாக்டர்… டாட்டா மாதிரி?” அக்கா கேட்டாள்.

“அது ‘தோத்துட்டேன், என்னை விட்டுரு’ண்ணு சொல்றது சேச்சி.”

என் ஸ்டேட்டஸ் ஞாபகம் வந்தது. ஒருவன் உயிருக்குக் கெஞ்சியிருக்கிறான். நாற்பது பேர் இதயம் அனுப்பியிருக்கிறார்கள்.

மருந்து கொடுத்தார். “இன்னு தன்னே”, இன்றைக்கே பிரித்தாக வேண்டும் என்றார். நடுவில் ஒரு தட்டி வைத்துத் தடுக்கலாமா என்று அத்தான் கேட்டதற்கு, கூடாது என்றார். ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது. அறையே வேறாக இருக்கட்டும் என்றார். ஈரமான அறை வேண்டவே வேண்டாம், நெஞ்சில் சளி கட்டிவிடும். இது பாலைவனத்துப் பிறவி. நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

ஆட்டோவில் திரும்பினோம். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். எந்த அறை?

அந்த வீட்டின் அளவைச் சொன்னால்தான் சிக்கல் புரியும். அத்தானின் அப்பா ஒரு பெரிய குடும்பத்தின் தோட்டத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தவர். வாசலில் வாழை நடவும் அனுமதி கேட்க வேண்டிய குடியிருப்பு. நிலச் சீர்திருத்தம் வந்தபோது குடிசையும் சுற்றியிருந்த பத்து சென்ட்டும் அவர் பெயருக்கு ஆனது. அதை இரண்டு மகன்களுக்கும் சமமாகப் பிரித்தார். அத்தானின் ஐந்து சென்ட்டில் ஷார்ஜாவின் சம்பாத்தியம் கான்கிரீட்டாக எழுந்தது. ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. அப்புறம் ரோட்டைப் பார்த்து, பின்னால் சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன அறை.

ஹாலில் ராஜா. ஒரு படுக்கையறை அவர்களுடையது. இன்னொன்று தோஹாவில் நர்ஸாக இருக்கும் மகளுடையது. அதன் சுவரில் மழைக்காலம் முழுக்க ஈரம். சமையலறையில் புகை. மிச்சம்?

ரோட்டோர அறை. நல்ல காற்று, காய்ந்த சுவர். ஆனால் அது ஊர்ப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் அக்காவின் தையல் அறை.

அத்தான் அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்ததுதான் தாமதம்.

“பாக்காண்டாம்,” என்றாள் அக்கா.

“நான் ஒண்ணும் சொல்லேல்லியே ஸ்டெல்லா…”

“சொல்லவும் வேண்டாம். வந்த நாள் முதலே பாக்கேன். அடுக்களையில டப்பாவையெல்லாம் இடம் மாத்தியாச்சு. கோழிக்கூட்டைத் திருப்பி வெச்சாச்சு. டி.வி. ரிமோட் எங்க இருக்குண்ணு எனக்கே தெரியாது. இந்த ரூம் நான் தச்ச காசுல நான் கெட்டினதாக்கும். இந்த வீட்டுல எனக்குன்னு உள்ளது இது மட்டும்தான்.”

சொல்லிவிட்டு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“இருபத்தேழு வருஷம் நான் ஒத்தையில கெடந்தேன். நீங்க அங்க ஒத்தையில கெடந்தீங்க. ரெண்டு உசிரு சேந்து கெடக்கட்டும்னு நெனச்சேன். அது தப்பாய்ப் போச்சா?”

பெட்டிக்குள் ராணி கண் மூடிக் கிடந்தது. அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“தப்பு இல்ல. எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. அங்க இருக்கும்போதே தெரியும், இது தனியா வளர்றதுண்ணு. நீ ரெண்டுண்ணு சொன்னப்போ… சொன்னது நீயாச்சே. மறுத்துப் பேச வாய் வரல்ல.” பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ராணியைத் திருப்பிக் குடுத்துருதேன். உனக்க ரூம் உனக்க ரூமாவே இருக்கட்டு.”

வாசல்படி வரை போய்விட்டார்.

“எங்க கொண்டு போறீங்க? சாவக் கெடக்கியதைக் கொண்டு போய்க் குடுக்கதா? இஞ்ச கொண்டாங்க!” அக்கா பெட்டியைப் பிடுங்கினாள். என்னைப் பார்த்து, “எலே, சும்மா நிக்கியே… அந்தக் கட்டிங் டேபிளை ஒரு பக்கம் பிடி!” என்றாள்.

அன்று மதியம் முழுக்க ராணிக்கு வீடு கட்டினோம்.

ஹாலில் ஒரு மர ஷோகேஸ் இருந்தது. அத்தான் லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்த டீ செட்டுகளும் கண்ணாடி அன்னங்களும் யாரும் தொடாமல் அதில் வருடக்கணக்கில் நின்றன. எல்லாவற்றையும் காலி செய்து, தட்டுகளைக் கழற்றி, அதைத் தையல் அறைக்குத் தூக்கிப் போய்ப் படுக்கப் போட்டோம். நாலடி நீளம். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது! பக்கத்துக் கார்ப்பெண்டர் வந்து இரண்டு பக்கமும் துளை போட்டுக் கம்பி வலை அடித்தார். ஈரம் தங்கக் கூடாதே.

ஒரு மூலையில் சூடு தரும் பல்பு. அதன் கீழே ஏறிப் படுக்கத் தட்டைக் கல். மறு மூலை குளிர்ச்சியாக. சூடு போதும் என்றால் அவன் நடந்து போய்க்கொள்வான். வெயிலுக்குப் பதிலாக நீளமான புற ஊதா டியூப்லைட், வலைக்கு உள்ளேயே. ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்டேன். கண்ணாடி வழியாக வந்தால் அந்த வெயிலில் சத்து இல்லையாம். தொட்டியை நேர்வெயிலில் வைத்தாலோ உள்ளே வெந்தே போய்விடுமாம்.

“மணல் போடலாமே? பாலைவனம் மாதிரி இருக்கும்,” என்றாள் அக்கா.

“குட்டிக்கு மணல் ஆகாது. தீனியோட சேத்துத் தின்னும், குடல் அடைக்கும். பேப்பர் போதும்,” என்றார் அத்தான்.

பழைய நியூஸ்பேப்பர் விரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். மேலே இருந்தது நான் வாராவாரம் பத்திரிகையில் எழுதும் பத்தி. வாசகர்கள் பலவிதம்… ராணி அதன் மேல் ஏறி நின்று, முதல் காரியமாக என்ன செய்தது என்பதை நான் எழுதப்போவதில்லை.

ஆனாலும் ராணி தின்னவில்லை. ஒரு நாள். இரண்டு நாள். மூன்று நாள். சத்தத்தில் பயந்துவிடும் என்று அக்கா மெஷினை ஓட்டவில்லை. துணி தைக்கக் கொடுக்க வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தி, “உள்ள சுகமில்லாத ஆளு உண்டு” என்று சொல்லி அனுப்பினாள். டாக்டர் தந்த மருந்தைச் சின்ன சிரிஞ்சில் எடுத்து வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். அத்தான் தினமும் எனக்குப் போன் செய்தார். “அப்படியேதான் கெடக்கு” என்பார். வைத்துவிடுவார்.

ஐந்தாம் நாள் காலை அக்காவின் போன். “எலே… தின்னுச்சுடே!” அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். பின்னாலிருந்து அத்தான் மிச்சத்தைச் சொன்னார். கரப்பானைக் கண்டால் அலறுகிற என் அக்கா, இடுக்கியால் ஒன்றைப் பிடித்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி, ராணியின் மூக்குக்கு நேரே அரைமணி நேரம் நீட்டிக்கொண்டே நின்றாளாம். டபக்கென்று நாக்கு வந்திருக்கிறது. “பயந்து அவ இடுக்கியைப் போட்டுட்டா. ஆனா அடுத்ததை அவளே எடுத்தா!”

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். ராணி உடம்பு தேறிவிட்டது. வால் நுனி போனது போனதுதான், ஆனால் புண் ஆறிவிட்டது. செம்பருத்திப் பூ என்றால் ஓடி வருகிறது. கையாட்டுவதில்லை. ஹாலில் ராஜா, தனியாக, தலைக்கனத்தோடு இருக்கிறான்.

நான் பத்திக்காரன் அல்லவா? வாய் சும்மா இருக்குமா? “அக்கா, யோசித்துப் பார்த்தால் மனுஷனுக்கும் இதேதான். பிரியமாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு இடம் வேண்டும்…” என்று ஆரம்பித்தேன்.

“எலே, எங்களை ஓந்தானாக்கி எழுதினே, அடுத்தமுறை சாயா கிடையாது,” என்றாள்.

அப்போது தையல் அறைக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். அத்தான். கையில் ஒரு தட்டு, மூன்று சாயா.

“வரலாமா ஸ்டெல்லா?”

“ரெண்டு நிமிஷம் பொறுங்க. ராணி கல்லு மேல ஏறுது.”

அத்தான் சமர்த்தாக நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. “சொந்த வீட்டுல மனுஷனை வாசல்ல நிறுத்துதியே” என்று கிசுகிசுத்தேன்.

அக்கா கதவு இடுக்கு வழியாக ஒருமுறை பார்த்தாள். சிரிப்பை மறைக்க நூல்கண்டைத் தேடுவதுபோல் குனிந்தாள்.

“நிக்கட்டுடே. எனக்க வாசல்ல அவரு வந்து நிக்கியதைப் பாக்க எத்தன வருஷம் காத்துக் கெடந்தேன்! கொஞ்சம் பாத்துக்கிடுதேன்.”

எழுந்து போய், தட்டிலிருந்து என் சாயாவை மட்டும் எடுத்துக்கொண்டேன்… ஆறிவிடும் அல்லவா!